எர்லிந்தா சாட்சி சொல்லப் போகிறாள்

எர்லிந்தா: இது எப்படி உன் பேரைச் சொல்லுது?

பாஸ்குவால்: எது?

எர்லிந்தா: எதுவா? இந்த வண்டி. கதவு திறந்ததும் ‘காலை வணக்கம், பாஸ்குவால்’னுச்சே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

பாஸ்குவால்: போன்ல கூப்பிட்டோம்ல. பேரு அதுல இருக்கும். பெல்ட்டைப் போடு.

எர்லிந்தா: கூப்பிட்டோம்னு சொல்லாதே. நீ கூப்பிட்டே. நான் நம்ம காருக்குள்ள உக்காந்து சாவியைத் திருகு திருகுன்னு திருகிட்டிருந்தேன். ஒரு முனகல்கூட இல்ல. உள்ள போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்... இது வாசல்ல நிக்குது.

பாஸ்குவால்: பத்து மணிக்குக் கோர்ட்டுல இருக்கணும்னு நீதானே குதிச்சே. ஆள் ஓட்டுற டாக்ஸிக்கு நாப்பது நிமிஷமாம். இதுக்கு நாலு நிமிஷம்.

எர்லிந்தா: நாலு நிமிஷத்துல வந்துச்சுன்னா என்ன அர்த்தம்? இங்கயே எங்கயோ பதுங்கி நின்னிருக்கு.

பாஸ்குவால்: ஆமா. உனக்காக, புதருக்குப் பின்னால.

வண்டி: தயவுசெய்து இருக்கைப் பட்டையை அணியுங்கள். அணிந்ததும் பயணம் தொடங்கும்.

எர்லிந்தா: போடலன்னா?

பாஸ்குவால்: போடலன்னா இங்கயே நிப்போம். தெருவே வந்து பார்க்கும்.

எர்லிந்தா: ஐயோ, தெரு! தள்ளு, நான் கொஞ்சம் கீழ சரிஞ்சு உக்காந்துக்கறேன். வீடு வீடா ஏறி இறங்கி கையெழுத்து வாங்கினவ நான். ‘ஆளில்லாத வண்டி எங்க தெருவுக்குள்ள வரக்கூடாது.’ அறுபத்தெட்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னோடது. இப்ப நானே இதுக்குள்ள உக்காந்து...

பாஸ்குவால்: போட்டுட்டியா?

எர்லிந்தா: போட்டுட்டேன், போட்டுட்டேன்.

வண்டி: நன்றி. எங்களோடு இது உங்கள் பன்னிரண்டாவது பயணம், பாஸ்குவால். இனிய நாளாக அமையட்டும்.

பாஸ்குவால்: ரொம்ப வாயாடி வண்டி.

எர்லிந்தா: பன்னெண்டாவதா?

பாஸ்குவால்: அது சும்மா எல்லாருக்கும்...

எர்லிந்தா: யோவ் கிழவா. பன்னெண்டாவதா?

பாஸ்குவால்: இன்னைக்கோட சேர்த்து.

எர்லிந்தா: துரோகி! நான் வெளிய வெயில்ல நின்னு கையெழுத்து வாங்கறேன், நீ உள்ள ஏசியில உக்காந்து ஊர் சுத்தறே. எப்போ? எப்படி? வீட்டுல ஒரு தம்ளர் இடம் மாறினா எனக்குத் தெரியும். இது தெரியாம எப்படி...

பாஸ்குவால்: வியாழக்கிழமை. நீ உன் அக்கா கொன்ச்சா வீட்டுக்கு ஜெபமாலைக்குப் போவேல்ல. அப்போ.

எர்லிந்தா: நான் ஜெபம் பண்ணப் போறேன், நீ... எங்க போனே?

பாஸ்குவால்: எங்கயும் இல்ல.

எர்லிந்தா: பதினோரு தடவை ஒருத்தன் எங்கயும் போகாம வண்டியில போவானா? யாரு அவ?

பாஸ்குவால்: எவ?

எர்லிந்தா: அறுபத்தேழு வயசுல உனக்கு எவ கிடைச்சா?

பாஸ்குவால்: கிடைச்சிருந்தாலும் அவ அழகா இல்லையான்னு எனக்கு எப்படிடீ தெரியும்?

எர்லிந்தா: சிரிக்காதே. நான் சிரிக்கற மாதிரி இல்ல... ஏ, ஏ, ஸ்டியரிங் தானா சுத்துது! சீட்டுல ஆள் இல்ல, அது பாட்டுக்குச் சுத்துது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு. நான் பார்க்க மாட்டேன்.

பாஸ்குவால்: பார்க்காதே. நான் முப்பத்தோரு வருஷமா பார்க்காமத்தான் உக்காந்துட்டு வர்றேன். எனக்கு ஒண்ணும் ஆகல.

எர்லிந்தா: நீ என் வண்டியில உக்காந்தே. அதுல நான் இருந்தேன்.

பாஸ்குவால்: நீ இருக்கேன்னு நம்பித்தான் உக்காந்தேன். கண்ணால பார்த்தா உக்காந்தேன்?

எர்லிந்தா: ம்... பேச்சை மாத்தறே. எங்க போனே, அதைச் சொல்லு.

பாஸ்குவால்: சொல்றேன். கோர்ட்டு போறதுக்குள்ள சொல்றேன்.

எர்லிந்தா: நில்லு. ஏன் வலது பக்கம் திரும்புது? அரிசோனா அவென்யூல நேராப் போகணும். நேரா! ஏ வண்டி, நேராப் போ!

பாஸ்குவால்: அதுகிட்டக் கத்தாதே.

எர்லிந்தா: என்னை எங்க கொண்டு போகுது? இதுக்குத் தெரியும் கிழவா. நான் யாருன்னு தெரியும். தலை மேல சுத்துற அந்தக் குமிழு இருக்கே, அது ஆயிரம் கேமராவாம். நம்ம தெருவுல போகும்போதெல்லாம் என் மூஞ்சியைப் படம் புடிச்சிருக்கும். இன்னைக்கு நான் அதுக்கு எதிரா சாட்சி சொல்லப் போறேன்னும் தெரியும்.

பாஸ்குவால்: மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. தார் வாசனை வருதே, உனக்கு வரல? சுத்திப் போகுது, அவ்வளவுதான்.

எர்லிந்தா: நாம பேசறதைக் கேக்குமா?

பாஸ்குவால்: கேக்காதாம். உதவிப் பொத்தானை அழுத்தினாத்தான் ஆள் லைன்ல வருவாங்களாம்.

எர்லிந்தா: யாரு சொன்னா?

பாஸ்குவால்: அந்தக் கம்பெனிக்காரங்க.

எர்லிந்தா: ஓ... அந்தக் கம்பெனிக்காரங்க. அந்த நாய் பெப்பர் செத்த அன்னைக்கு எங்க வண்டி உங்க தெருவுல எதையும் அடிக்கலன்னு சொன்னாங்களே, அதே கம்பெனிக்காரங்க.

பாஸ்குவால்: படம் இருக்குன்னு சொல்றாங்க.

எர்லிந்தா: அவங்க வண்டி, அவங்க கேமரா, அவங்க படம். வெட்டி ஒட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாயைக் கொன்னுட்டு நிக்காமப் போச்சு. பாவம் நம்ம தெரு வெர்ன். அந்த மனுஷனுக்கு உலகத்துல இருந்தது அந்த ஒரு நாய். அதுக்கும் பாதி கண்ணு, பாதி காது. பதினாலு வயசு.

பாஸ்குவால்: ம்.

எர்லிந்தா: ‘ம்’மா?

பாஸ்குவால்: அவன் சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவான்ல. நானும் போய்ப் பக்கத்துல உக்காருவேன். ரெண்டு மாசம். பேசவே மாட்டான். எதையோ தரையில தட்டிட்டே இருப்பான். டங்... டங்... இரும்புன்னு தெரிஞ்சுது. சுத்தியல்னு தெரியல. ஒருநாள் எழுந்து போனான். ஆளில்லாத வண்டி ஒண்ணு பிரேக் அடிச்ச சத்தம். அப்புறம் கண்ணாடி உடையற சத்தம். இவன் அழுதுட்டே அடிக்கறான். உள்ள ஒரு பொண்ணு இருந்திருக்கா, அலறுறா. நான் நாற்காலியில உக்காந்திருக்கேன்.

எர்லிந்தா: அதுக்குத்தானே போறோம். மூணு மாசம் உள்ள வச்சிடுவாங்கன்னு அவன் வக்கீலம்மா பயப்படறாங்க. நாயை அடிச்சது அந்த வண்டிதான்னு ஒருத்தர் கண்ணால பார்த்திருந்தா ஜட்ஜுக்கு மனசு இளகும்னாங்க. நான் பார்த்தேன். சொல்றேன். இதுல உனக்கு என்ன கஷ்டம்?

பாஸ்குவால்: எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஒருதடவை சொல்லிப் பாரு.

எர்லிந்தா: எதை?

பாஸ்குவால்: அங்க சொல்லப் போறதை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்க குறுக்கக் கேப்பாரு. இங்க சொல்லிப் பார்த்துட்டா அங்க தடுமாறாது.

எர்லிந்தா: நீ வக்கீலா?

பாஸ்குவால்: நான் வக்கீல். வலது கையைத் தூக்கு.

எர்லிந்தா: போடா கிழட்டுப் பயலே... சரி. ஏப்ரல் மாசம், புதன்கிழமை. மத்தியானம் மூணு மணி இருக்கும். நான் சமையலறை ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன்...

பாஸ்குவால்: சமையலறை ஜன்னல்லயா?

எர்லிந்தா: ஆமா.

பாஸ்குவால்: அங்க நின்னது நான்தானே. பல்லு புடுங்கிட்டு வந்து, கன்னத்துல ஐஸ் வச்சுக்கிட்டு.

எர்லிந்தா: நீயும் நின்னே. நானும் நின்னேன். பக்கத்துல நின்னா உனக்குத் தெரியுமா?

பாஸ்குவால்: முப்பத்தோரு வருஷம் ஆகியும் பக்கத்துல நீ நிக்கறது எனக்குத் தெரியாதா?

எர்லிந்தா: ...அப்போ வாசல்ல இருந்திருப்பேன். அதுல என்ன? வெள்ளை வண்டி வந்துச்சு. தலையில குமிழு சுத்துச்சு. பெப்பர் குறுக்க ஓடுச்சு. வண்டி நிக்கல.

பாஸ்குவால்: வாசல்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க, மேடம்?

எர்லிந்தா: மேடமா! செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன்.

பாஸ்குவால்: குழாய்த் தண்ணி தகரத்துல அடிச்ச சத்தம் கேட்டுச்சு. செடியில விழற சத்தம் வேற. அந்த வெயில்ல யாரு கார் கழுவுவா?

எர்லிந்தா: உனக்கு என்னதான் வேணும் இப்போ?

பாஸ்குவால்: எனக்கா? எனக்கு ஒண்ணும் வேணாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பாருன்னு...

எர்லிந்தா: அம்மா! ஏன் இப்படிச் சடக்குன்னு நிக்குது? நடு ரோட்டுல! ஏ!

பாஸ்குவால்: முன்னால என்ன இருக்கு?

எர்லிந்தா: ஒண்ணுமே இல்ல. ரோடு காலியாக் கிடக்கு. முட்டாள் வண்டி. பின்னால வர்றவன் மோதினா என்ன ஆகும்? இதைத்தான் சொன்னேன், இதுக்கு மூளையே கிடையாது, சும்மா நிக்கும், சும்மா போகும்...

வண்டி: சாலையைக் கடப்பவருக்காக நிற்கிறோம்.

எர்லிந்தா: பொய்! யாரு கடக்கறா? ஒரு ஈ காக்கா இல்ல. பாத்தியா, பொய் சொல்லுது. என் கண்ணாலயே பார்க்கறேன், ஒருத்தரும்...

பாஸ்குவால்: எர்லிந்தா.

எர்லிந்தா: என்ன?

பாஸ்குவால்: சக்கரம் உருளுற சத்தம் கேக்குது. சின்னச் சக்கரம். நாலு. குழந்தை வண்டியா, பெரியவங்க புடிச்சு நடக்கற வண்டியா தெரியல. இடது பக்கத்துலேர்ந்து வருது.

எர்லிந்தா: இடது பக்கமா... எங்க... ஓ.

பாஸ்குவால்: வந்துட்டாங்களா?

எர்லிந்தா: இப்போ வந்துட்டாங்க. ஒரு பெரியம்மா. கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போறாங்க. ஆளே இல்லாத வண்டிக்கு நன்றி சொல்றாங்க, பைத்தியம். வெயில் கண்ணைக் கூசுது. அதான் தெரியல.

பாஸ்குவால்: வெயில் வலது பக்கம் அடிக்குது. என் கன்னம் சுடுது.

வண்டி: பயணம் தொடர்கிறது. பதினோரு நிமிடத்தில் சேருமிடத்தை அடைவோம்.

எர்லிந்தா: நான் இறங்கறேன்.

பாஸ்குவால்: இங்கயா?

எர்லிந்தா: இங்கயேதான். நீயும் இதுவும் சேர்ந்து என்னை விசாரிக்கறீங்க. எனக்கு மூச்சு முட்டுது. நிறுத்தச் சொல்லு. அங்க ஒரு பொத்தான் இருக்குன்னு சொன்னேல்ல? நிறுத்து!

பாஸ்குவால்: அழுத்திட்டேன். ஓரமா நிறுத்தும்.

வண்டி: பாதுகாப்பான இடத்தில் நிறுத்துகிறோம். இறங்கும் முன் சுற்றிலும் கவனியுங்கள்.

எர்லிந்தா: கவனிக்கணுமாம்! எனக்கு வந்து சொல்லுது.

பாஸ்குவால்: நின்னுடுச்சு. இறங்கு. நான் இங்கயே இருக்கேன்.

எர்லிந்தா: நீ வரலையா?

பாஸ்குவால்: நூத்திப் பன்னெண்டு டிகிரி. செருப்பு ரோட்டுல ஒட்டிக்கும். நீ இறங்கி, கோபம் தணிஞ்சதும் ஏறு.

எர்லிந்தா: ...

பாஸ்குவால்: கதவு திறந்த சத்தம் கேக்கலையே.

எர்லிந்தா: யோசிக்கறேன்.

பாஸ்குவால்: யோசி.

எர்லிந்தா: வெர்ன் அங்க டை கட்டிக்கிட்டு நிப்பான். கல்யாணத்துக்குக் கட்டின டையாம். நேத்து எங்கிட்டக் காட்டினான்... சரி, போகச் சொல்லு. நேரமாச்சு.

பாஸ்குவால்: நீயே அழுத்து. உன் பக்கம் கதவுல இருக்கு. பச்சையா எரியும்னாங்க.

எர்லிந்தா: எங்க?

பாஸ்குவால்: உன் இடது கைக்கிட்ட.

எர்லிந்தா: இங்க ஒண்ணும் இல்ல.

பாஸ்குவால்: இருக்கு.

எர்லிந்தா: இல்லன்னு சொல்றேன்ல! தடவிப் பார்த்துட்டேன். இந்தக் கதவுல வைக்க மறந்துட்டாங்க போல.

பாஸ்குவால்: கையைக் கொடு. இப்படி... கொஞ்சம் மேல... இதோ.

வண்டி: பயணம் தொடர்கிறது.

பாஸ்குவால்: ...

எர்லிந்தா: ஏதாவது சொல்லு.

பாஸ்குவால்: எவ்வளவு நாளா?

எர்லிந்தா: என்ன எவ்வளவு நாளா?

பாஸ்குவால்: எர்லிந்தா... எங்கிட்டயா?

எர்லிந்தா: ...கிறிஸ்துமஸுக்கு முன்னால. முதல்ல ஓரத்துல மட்டும் புகை மாதிரி இருந்துச்சு. கண்ணாடி அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சேன். அப்புறம் இடது பக்கம் பாதி... இல்ல. அங்க இருட்டுகூட இல்ல கிழவா. அங்க எதுவுமே இல்ல.

பாஸ்குவால்: டாக்டர்கிட்ட?

எர்லிந்தா: போகல. போனா எழுதிடுவாங்க. எழுதினா லைசன்ஸைப் புடுங்கிடுவாங்க. இந்த ஊர்ல கார் இல்லன்னா ஒரு ரொட்டி வாங்க முடியுமா? உன்னை யாரு கூட்டிட்டுப் போவா? உனக்கு மருந்து, உனக்குப் பல்லு, உனக்கு முடிவெட்டு... நான் ஓட்டலன்னா நான் உனக்கு யாரு?

பாஸ்குவால்: பொண்டாட்டி.

எர்லிந்தா: சும்மா சொல்றே.

பாஸ்குவால்: பச்சை விழுந்து பின்னால ஹாரன் அடிச்சப்புறம்தான் நீ வண்டி எடுப்பே. ரோட்டோரக் கோடு தாண்டும்போது சக்கரம் ‘கடகட’ன்னும். ஹோட்டல்ல மெனு வந்தா ‘எப்பவும் சாப்பிடறதே போதும்’பே. நீயா வாயைத் திறப்பேன்னு காத்திருந்தேன்.

எர்லிந்தா: இதுதான் உன் வியாழக்கிழமையா? நான் இல்லாமப் போகப் பழகினியா? என்னை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தியா?

பாஸ்குவால்: இல்ல.

எர்லிந்தா: அப்புறம்?

பாஸ்குவால்: நம்ம தெருவைச் சுத்தினேன். பதினோரு வாரம். நம்ம வாசல்ல ஏறி, கால்வாய் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் வெர்ன் வீட்டு முன்னால. அவ்வளவுதான்.

எர்லிந்தா: எதுக்கு?

பாஸ்குவால்: இது எதையாவது அடிக்காதான்னு.

எர்லிந்தா: என்ன உளர்றே?

பாஸ்குவால்: கடவுளே, ஒருதடவை இது எதையாவது அடிக்கட்டும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பூனையோ, கோழியோ, குப்பைத்தொட்டியோ... எதுக்காவது நிக்காமப் போகட்டும்னு. போயிருந்தா நீ சொல்றதுதான் சரின்னு நிம்மதியா தூங்கியிருப்பேன். அது ஒரு புறாவுக்கு நின்னுது. காத்துல பறந்த அட்டைப் பெட்டிக்கு நின்னுது. போன வாரம் ஒண்ணுமே இல்லாததுக்கு நின்னு அஞ்சு நிமிஷம் யோசிச்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எர்லிந்தா: உள்ள ஆள் இருக்கும்போது நிக்கும். ஆள் இல்லாம வரும்போது...

பாஸ்குவால்: இருக்கலாம்.

எர்லிந்தா: இருக்கலாம் இல்ல. அப்படித்தான்.

பாஸ்குவால்: அன்னைக்குப் பல் டாக்டர்கிட்டேர்ந்து வரும்போது நம்ம தெரு முனை திரும்பினதும் நம்ம கார் தூக்கிப் போட்டுச்சு. ரெண்டு தடவை. இடது முன்சக்கரம், இடது பின்சக்கரம்.

எர்லிந்தா: அதான் அப்பவே சொன்னேனே. எவனோ லாரியிலேர்ந்து துணி மூட்டையைத் தவறவிட்டுட்டுப் போயிருந்தான்.

பாஸ்குவால்: ஆமா. துணி மூட்டைன்னே.

எர்லிந்தா: துணி மூட்டைதான்.

பாஸ்குவால்: சரி.

எர்லிந்தா: ‘சரி’ன்னு இப்படிச் சொல்லாதே. உன் ‘சரி’ எனக்குத் தெரியும்.

பாஸ்குவால்: பதினெட்டு வருஷம் மெக்கானிக்கா இருந்தேன். சக்கரத்துக்கு அடியில எது போச்சுன்னு எனக்கு... சரி. விடு. துணி மூட்டை.

வண்டி: நான்கு நிமிடத்தில் சேருமிடத்தை அடைவோம்.

எர்லிந்தா: நான் சொன்னதைத்தான் அங்க சொல்லப் போறேன். நாலு மாசமா தெருவே நம்புது. போலீஸ்கிட்ட சொல்லியாச்சு, வக்கீலம்மாகிட்ட சொல்லியாச்சு. வெர்னுக்கும் அதுதான் நல்லது. மாத்திச் சொன்னா அவனுக்கு என்ன கிடைக்கும்? சும்மா நின்ன வண்டியை உடைச்ச பைத்தியக்காரன்னு பேரு. நீ வாயைத் திறக்காதே.

பாஸ்குவால்: திறக்கல.

எர்லிந்தா: திறப்பியா?

பாஸ்குவால்: நான் குருடன். நான் என்னத்தைப் பார்த்தேன்?

எர்லிந்தா: என்னைத் தப்பா நினைக்கறே.

பாஸ்குவால்: இல்ல.

எர்லிந்தா: நினைக்கறே.

பாஸ்குவால்: ஒண்ணு சொல்லணும். நம்ம கார் கெட்டுப் போகல.

எர்லிந்தா: என்னது?

பாஸ்குவால்: காலையில நீ குளிக்கும்போது பேட்டரி வயரைக் கழட்டிட்டேன். என் கோட்டுப் பையில ஸ்பேனர் இருக்கு, தொட்டுப் பாரு.

எர்லிந்தா: பேட்டரியா? நீயா? பேட்டரி வெடிச்சுத்தானே உன் கண்ணு... அன்னையிலேர்ந்து நீ காரோட முன்பக்கம்கூட வந்ததில்லையே!

பாஸ்குவால்: மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் கழட்டினேன். திருப்பினா என்ன, திருப்பாட்டி என்ன... ஆனாலும் திருப்பினேன்.

எர்லிந்தா: இப்படி உயிரைப் பணயம் வைக்க... ஏன்?

பாஸ்குவால்: இன்னைக்கு நீ ஓட்டக்கூடாதுன்னு. சத்தியம் பண்ணிட்டு அதே கைல ஸ்டியரிங்கைப் புடிச்சு என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவே. வழியில பள்ளிக்கூடம் விடற நேரம். நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் செத்துப் பிழைக்கணும். என்னால இனிமே முடியாது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. நீ என்ன சொன்னாலும் உன் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். பின்சீட்டுல. ரெண்டு பேரும்.

எர்லிந்தா: மூக்கைத் துடைக்க ஏதாவது இருக்கா?

பாஸ்குவால்: இந்தா.

எர்லிந்தா: இது ஸ்பேனர் சுத்தின துணி.

பாஸ்குவால்: சுத்தமான பக்கமாத் துடை.

வண்டி: சேருமிடம் வந்துவிட்டது. பாதுகாப்பாக இறங்குங்கள், பாஸ்குவால்.

எர்லிந்தா: என்னைச் சொல்லல பாரு. நான் எப்படி இறங்கினாலும் அதுக்குக் கவலை இல்ல. கையைக் கொடு... படி இருக்கு... ஒண்ணு. அவ்வளவுதான்.

வெர்ன்: எர்லிந்தா! பாஸ்குவால்! இங்க, இந்த மரத்தடியில.

எர்லிந்தா: வந்துட்டோம், வெர்ன்.

வெர்ன்: நீங்க ரெண்டு பேரும்... இதுலயா வந்தீங்க? இதுலயா?

பாஸ்குவால்: எங்க கார் கிளம்பல, வெர்ன். வேற வழியில்ல.

வெர்ன்: எனக்காக இதுல ஏறி வந்தீங்களா? எர்லிந்தா, நீ இதுல... உனக்கு எப்படி இருந்திருக்கும்! நான்லாம் இதைத் தூரத்துல பார்த்தாலே உடம்பு பதறுது.

எர்லிந்தா: டை நல்லா இருக்கு.

வெர்ன்: கோணலா இருக்குமே. சரி பண்ண ஆள் இல்ல. வக்கீலம்மா உள்ள இருக்காங்க. கம்பெனித் தரப்புல மூணு பேர் வந்திருக்காங்க, கையில ஏதோ படம் வச்சிருக்காங்க. எனக்குப் பயம் இல்ல. எது எப்படிப் போனாலும், பெப்பரைக் கொன்னது எதுன்னு எனக்குத் தெரியும். உன்னாலதான் தெரியும். அதுகூடத் தெரியாமப் போயிருந்தா நான் பைத்தியமாயிருப்பேன்.

எர்லிந்தா: வெர்ன்...

வெர்ன்: தண்ணி குடிக்கறியா? முகமெல்லாம் வேர்த்திருக்கு.

எர்லிந்தா: வேணாம்.

வெர்ன்: பதறாதே. வக்கீலம்மா சொன்னாங்க, ரெண்டு நிமிஷ வேலைதானாம். நீ ஒண்ணும் ஜோடிக்க வேண்டாம். கண்ணால பார்த்ததை அப்படியே சொன்னாப் போதும்.

பாஸ்குவால்: வெர்ன், அவளுக்கு ஒரு நிமிஷம் கொடு.

வெர்ன்: ஏன்? என்ன ஆச்சு? எர்லிந்தா... ஏன் அழறே? நீ பார்த்தேல்ல?

எர்லிந்தா: நான் பார்க்கல, வெர்ன்... பார்த்திருந்தா பிரேக் போட்டிருப்பேனே.